அத்தை போட்ட கம்பி

திரையின் இடது பாதியில் 140 என்று இருந்தது. வலது பாதியில் 95 என்று இருந்தது. இரண்டும் ஒரே படம்தான். ஒரு வீட்டு மாடிக்கான கம்பித் தடுப்பு. ஒரே நாளில் வரைந்தது, வரைந்தவளும் ஒருத்திதான். ஆனால் ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால், திரையின் ஒரு பாதி ஒன்றைச் சொல்லியது, மறு பாதி வேறொன்றைச் சொல்லியது.

டிராயிங் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கண்ணாடியில் அழுக்கில்லை. எண்கள் அப்படியேதான் இருந்தன.

பட்டறைகளில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கேட்டோ, ஜன்னல் கம்பியோ, மாடிப்படிக் கைப்பிடியோ, இரும்பில் எது செய்வதானாலும் படம் அவளுடைய வீட்டு முன்னறையிலிருந்துதான் போகும். பதினாறு வருடமாக ஒரே மென்பொருள். அதைச் செய்த கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போயே ஒன்பது வருடம் ஆகிறது. விண்டோஸில் மட்டும்தான் ஓடும். சாம்பல் நிறத் திரை, கொசு அளவு பொத்தான்கள், பார்க்கச் சகிக்காது. ஆனால் விரல்களுக்கு அத்துப்படி. பேசிக்கொண்டே ஒரு கேட்டை வரைந்து முடித்துவிடுவாள்.

இரண்டு மாதத்துக்கு முன் அவளுடைய பழைய கம்ப்யூட்டர் லேசாகப் புகைந்து உயிரை விட்டது. தம்பி மறுநாளே ஒரு மேக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். "இனிமே உனக்கு ஒரு தொல்லையும் இருக்காதுக்கா" என்றான். தொல்லை அன்றைக்குத்தான் தொடங்கியது. பழைய மென்பொருள் மேக்கில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. மேக்குக்கென்று வேறொரு வரையும் மென்பொருளை வாங்கினாள். அது பழைய படங்களையும் திறக்கும் என்றார்கள். திறக்கவும் செய்தது. ஆனால் கேட்டில் இருந்த பூவேலையில் பாதியைக் காணோம். அவள் விரல் தேடிய இடத்தில் ஒரு பொத்தானும் இல்லை. மாமியார் வீட்டுச் சமையலறையில் முதல் நாள் உப்பு டப்பாவைத் தேடுவதுபோல் இரண்டு மாதம் தேடினாள்.

பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் வேறு வழிக்குப் போனாள். மேக்குக்குள்ளேயே பொய்யாக ஒரு கணினியை உண்டாக்கி, அதற்குள் விண்டோஸை ஏற்றி, அதற்குள் பழைய மென்பொருளை ஏற்றலாம் என்று யாரோ இணையத்தில் எழுதியிருந்தார்கள். நான்கு நாள் மல்லுக்கட்டினாள். இன்று காலை பத்து மணிக்கு, மேக்கின் பளபளப்பான திரைக்கு நடுவில், அந்தச் சாம்பல் நிற ஜன்னல் திறந்துகொண்டது. ஊருக்குப் போயிருந்த ஆள் திரும்பி வந்ததுபோல் இருந்தது. தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டாள்.

சோதனைக்கு என்று, பழைய மென்பொருளில் கடைசியாக வரைந்த படத்தைத் திறந்தாள். அது தம்பியின் புது வீட்டு மாடித் தடுப்பு. அதையே மேக்கின் புது மென்பொருளிலும் திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சும்மா அழகு பார்க்கத்தான். பழையதில் 95. புதியதில் 140.

முதலில் பொய்க் கணினியின் மேல்தான் சந்தேகம் வந்தது. அவசர அவசரமாக இரண்டிலும் கோட்டை அளந்தாள். புதியதில் அளந்தாலும் 140. பழையதில் அளந்தாலும் 140. கோடுகள் இரண்டிலும் ஒன்றாகத்தான் இருந்தன. எழுதியிருந்த எண் மட்டும்தான் வேறு.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது.

இந்தத் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எல்லோரும் செய்வார்கள், ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பட்டறையில் படத்தின் கோட்டை யாரும் அளப்பதில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துத்தான் வெல்டர் கம்பியை வைப்பார். அதனால் கடைசி நேரத்தில் வாடிக்கையாளர் ஒரு அளவை மாற்றச் சொன்னால், ஐம்பது கம்பிகளை அழித்து ஐம்பது கம்பிகளை யார் மறுபடி வரைவது? எண்ணை மட்டும் சொடுக்கி, மேலேயே வேறு எண்ணைத் தட்டிவிடுவது. கோடு ஒன்று சொல்லும், எண் ஒன்று சொல்லும். வெல்டர் எண்ணைத்தான் கேட்பார். பதினாறு வருடத்தில் இதனால் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

தம்பி வீட்டுத் தடுப்பை அவள் புதிதாக வரையவில்லை. ஒரு சரக்குக் கிடங்கின் மாடிக்குப் போட்ட படத்தை எடுத்து நீளத்தை மாற்றி, கம்பிக்கு ஒரு முறுக்கு மட்டும் சேர்த்து வைத்திருந்தாள். கிடங்கில் மூட்டை தூக்குகிற ஆட்கள்தான் நடமாடுவார்கள். 140 போதும். தம்பி பார்த்துவிட்டு, "கொஞ்சம் நெருக்கமா போடுக்கா. சுண்டெலிக்கு எல்லா இடுக்குலயும் பூந்து போற வயசு" என்றான். சுண்டெலி அவன் மகள். இரண்டரை வயது, ஒல்லிக்குச்சி, வீட்டில் இருப்பதே தெரியாமல் மேஜைக்கடியில் இருப்பாள். அந்தப் பேரை வைத்ததே டிராயிங் அக்காதான். "உன் பொண்ணுக்காக எலிப்பொறிதான் செய்யணும்" என்று சிரித்துக்கொண்டே 140-ஐச் சொடுக்கி 95 என்று தட்டினாள். இரண்டு நொடி வேலை. அந்த வாரம்தான் கம்ப்யூட்டர் புகைந்தது.

அதன்பின் நடந்தது ஒவ்வொன்றாக, ஆணி அடித்ததுபோல் அவளுக்குத் தெரிந்தது. மேக்கின் புது மென்பொருள் படத்தைத் திறந்தபோது, அவள் தட்டிய எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டுக் கோட்டைத் தானே அளந்து உள்ளதை உள்ளபடி 140 என்று எழுதியிருக்கிறது. அவள் அதைப் பார்க்கவில்லை. தன் கையால் மாற்றியதை யார் திரும்பப் பார்ப்பார்கள்? தம்பி அவசரப்பட்டதால் படம் வெல்டரிடம் போகவில்லை, லேசரில் வெட்டுகிற யூனிட்டுக்குப் போனது. இயந்திரம் எண்ணைப் படிக்காது. கோட்டை மட்டும்தான் பார்க்கும். பட்டையில் 140 இடைவெளி விட்டுத் துளை போட்டுத் தந்துவிட்டது. துளை இருந்த இடத்தில் கம்பியைச் செருகினார்கள். மூன்று நாளைக்கு முன் மாட்டினார்கள். நேற்று தம்பி குடிபோனான்.

இந்த இரண்டு மாதத்தில் மேக்கிலிருந்து வெளியே போன பழைய படம் அது ஒன்றுதான். அந்த ஒன்று சுண்டெலியின் வீட்டில் இருந்தது.

அதிலும் கொடுமை, அந்த 95 எதற்கு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்துப் பேருக்கு அவளே விளக்கிச் சொல்லியிருக்கிறாள். சின்னக் குழந்தை இடுக்கில் தலையைவிட்டுப் போகாது. காலையும் இடுப்பையும் முதலில் விடும். நூறுக்குள் இருந்தால் இடுப்பே நுழையாது. நூற்று நாற்பதில் ஒல்லியான குழந்தையின் உடம்பு முழுக்கப் போய்விடும், தலை மட்டும் போனாலும் போகும், மாட்டினாலும் மாட்டும். இரண்டில் எது நடந்தாலும் கீழே பதினோரு அடி, கூடத்தின் பளிங்குத் தரை.

தம்பியின் எண்ணை அழுத்தினாள். அவன் வேலை பார்க்கிற தொழிற்சாலைக்குள் போகும்போது செல்போனை வாசல் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். அது தெரிந்தும் மூன்று முறை அழுத்தினாள். தம்பி மனைவியின் எண் அடித்து அடித்து ஓய்ந்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருமுனைக்கு ஓடினாள். நின்றிருந்த டாக்சியில் ஏறி இடத்தைச் சொன்னாள். இரண்டாவது தடவை சொன்னபோதுதான் டிரைவருக்குப் புரிந்தது.

"இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்மா."

"சீக்கிரம் போங்க."

தம்பி மனைவியின் எண்ணை மறுபடி அழுத்தினாள். பதற்றத்தில் விரல் வீடியோவில் பட்டுவிட்டது. இரண்டு முறை மணி அடித்ததும் எடுக்கப்பட்டது. அப்பாடா என்று வாயைத் திறந்தவள் திறந்தபடியே இருந்தாள். திரையில் ஒரு மூக்கு. மூக்குக்குப் பின்னால் வெள்ளைச் சுவர்.

"அத்த" என்றது மூக்கு.

"சுண்டெலி. அம்மா எங்கடா?"

"அம்மா கீழ. தண்ணி மாமா வந்தாங்க."

தண்ணி மாமா என்றால் குழாய் வேலைக்காரர். தூரத்தில் மோட்டார் உறுமுகிற சத்தம் கேட்டது. அப்படியென்றால் தம்பி மனைவி பின்கட்டில் இருக்கிறாள். குழந்தையைக் கையில் செல்போனோடு மாடியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. படிக்கு மேலே தம்பி மரக்கதவு போட்டுத் தாழ்ப்பாள் வைத்திருந்தான். மற்ற பக்கமெல்லாம் கம்பித் தடுப்பு. இரும்பு அளவு தெரிந்த நாத்தனார் பார்த்துப் போட்டது. அதைவிடப் பத்திரமான இடம் ஒரு தாய்க்கு வேறு எது?

"அம்மாவக் கூப்பிடு தங்கம். அத்தை பேசணும்னு சொல்லு."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். படம் குலுங்கியது. குழந்தை ஓடினாள். மாடியிலிருந்து கீழே இருக்கிற அம்மாவைக் கூப்பிட எங்கே போவாள்? வெள்ளைச் சுவர் போனது, கட்டில் கால் போனது, வாசற்படி போனது. பிறகு திரை முழுக்கக் கருப்புக் கம்பிகள். அவள் வரைந்த கம்பிகள். பத்துக்குப் பத்து சதுரக் கம்பி, நடுவில் ஒரு சிறு முறுக்கு. அந்த முறுக்கை வைக்க அவள் ஒரு நாள் முழுக்கச் செலவழித்திருந்தாள்.

"அம்மா" என்று குழந்தை கம்பி நடுவில் வாயை வைத்துக் கத்தியது. மோட்டார் சத்தத்தில் அது எங்கே கேட்கப்போகிறது.

டிராயிங் அக்காவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. நகராதே, தொடாதே, பின்னால் வா என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் குழந்தை பயந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று தெரியாது. வைத்துவிடலாமா? வைத்துவிட்டால் குழந்தை அங்கேயே, கம்பிக்குப் பக்கத்திலேயே, தனியாக நிற்கும். பேசினால் அத்தைக்கு எதையாவது காட்டுவதற்காக அங்கேயும் இங்கேயும் ஓடும். பேசினாலும் ஆபத்து, பேசாவிட்டாலும் ஆபத்து. குரல் நடுங்காமல் இருக்கத் தொடையைக் கிள்ளிக்கொண்டாள்.

"அம்மா வேணாம் கண்ணு. நாம ஒளிஞ்சு விளையாடலாமா? நீ போய்க் கட்டில்ல போர்வைக்குள்ள ஒளிஞ்சுக்கோ. அத்தை தேடிட்டு வரேன்."

"அத்த வரியா?"

"வந்துக்கிட்டே இருக்கேன். ஓடு. போர்வைக்குள்ள போ."

கம்பிகள் திரையைவிட்டு நகர்ந்தன. கட்டில், தலையணை, அப்புறம் இருட்டு. போர்வைக்குள் செல்போனோடு படுத்துக்கொண்டு குழந்தை களுக்கென்று சிரிக்கிற சத்தம். அவளுக்கு உயிர் வந்தது.

"சுண்டெலியைக் காணோமே. கதவுக்குப் பின்னாடி இருக்காளா? இல்லையே. அலமாரிக்குள்ள இருக்காளா? இல்லையே." டாக்சிக்குள் உட்கார்ந்துகொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு, இல்லாத அறையில் இல்லாத அலமாரியைத் தேடினாள். டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். வண்டியின் வேகம் கூடியது. அவள் கேட்கவில்லை, அவராகவே கூட்டினார்.

ஆறு நிமிடம் தேடினாள். கட்டிலுக்கடியில் தேடினாள், குளியலறையில் தேடினாள், சமையலறையில் டம்ளருக்குள்ளே எல்லாம் தேடினாள். இரண்டரை வயதுக்கு ஆறு நிமிடம் ஒளிந்திருப்பதே பெரிய சாதனை. போர்வை விலகியது. வெளிச்சம் வந்தது.

"அத்த, நீ எங்க?"

"இதோ வரேன் தங்கம். நீ உள்ளேயே இரு. வெளிய வந்தா தோத்துப் போயிடுவ."

"நா வீடு காட்றேன்."

"வேணாண்டா. அத்தை வந்து பாத்துக்கறேன். நீ படு."

"அத்த கம்பி காட்றேன்."

வீட்டில் எல்லோரும் அதை அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அத்தை போட்ட கம்பி. அத்தைக்கு அத்தையின் கம்பியைக் காட்டினால் சந்தோஷப்படுவாள் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியும். எத்தனை தடவை இந்த அத்தை அவள் கிறுக்கின காகிதத்தைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறாள்.

"அத்தைக்குக் கம்பி வேணாம். அத்தைக்குத் தலையணை காட்டு. சுண்டெலி. இங்க பாரு, அத்தை சொல்றதக் கேளு."

கம்பிகள் மறுபடி வந்தன. முறுக்கு வந்தது. "இது அத்த கம்பி. இது அத்த கம்பி" என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போன சின்ன விரல்கள் தெரிந்தன. பிறகு படம் சட்டென்று அகலமானது. கம்பிகளைக் காணோம். கூடம் முழுக்கத் தெரிந்தது. பிரிக்காத அட்டைப் பெட்டிகள், சுவரோரம் சாய்த்த நாற்காலிகள், பளிங்குத் தரை. எல்லாம் மேலிருந்து தெரிந்தன. கம்பிகளுக்கு வெளியே கை நீண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. எவ்வளவு நீண்டிருக்கிறது என்று தெரியவில்லை. கை மட்டுமா, தோளுமா?

"கையை உள்ள எடுடா" என்றாள் மெல்ல.

"தெரீதா அத்த?"

"தெரியுது. ரொம்ப அழகா இருக்கு. உள்ள வா."

படம் சுழன்றது. கூரை, கம்பி, கூரை, ஜன்னல். பிறகு கருப்பு.

அவள் செல்போனைக் காதில் வைத்தாள், கண்ணுக்கு நேரே வைத்தாள், மறுபடி காதில் வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. திரும்ப அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் அமைதியாகச் சொன்னது. விழுந்தது செல்போன் மட்டுமா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் டிரைவர்.

"தெரியல" என்றாள்.

"பிடிச்சு உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாகத் திருப்பினார். எதிரே வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்பது நிமிடம் ஆனது. அந்த ஒன்பது நிமிடமும் டிராயிங் அக்கா மனதுக்குள் ஐம்பது கம்பிகளையும் அழித்து அழித்து வரைந்தாள். ஒவ்வொன்றாக, நெருக்கமாக, 95, 95, 95 என்று. மொத்தமே நாற்பது நிமிட வேலை. அன்றைக்கு அவளுக்கு வேறு அவசர வேலைகூட இல்லை. சோம்பல்தான். அதற்கு வேறு பேர் கொடுக்க அவளாலேயே முடியவில்லை.

வீட்டு வாசல் திறந்துகிடந்தது. பின்கட்டில் மோட்டார் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. கூடத்துக்குள் நுழைகிறபோது கண்ணைத் தரைக்குக் கொண்டுபோக அவளுக்குத் துணிவில்லை. வலுக்கட்டாயமாகக் கொண்டுபோனாள். தரை நடுவில் செல்போன் மல்லாந்து கிடந்தது. சுற்றிலும் கண்ணாடித் தூள். வேறொன்றும் இல்லை.

மேலே பார்த்தாள். கம்பிகளுக்குப் பின்னால் சுண்டெலி குந்தி உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் இல்லை, உள்பக்கம்தான்.

"அத்த, ஃபோன் விழுந்துச்சு" என்றாள். குரலில் அழுகைக்கான ஏற்பாடுகள் இருந்தன.

படியில் எப்படி ஏறினாள், தாழ்ப்பாளை எப்படித் திறந்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து மூச்சை இழுத்தாள். சுண்ணாம்பு வாசனையும் பவுடர் வாசனையுமாக இருந்தது. அதன்பின்தான் அழுதாள். திட்டு விழும் என்று காத்திருந்த குழந்தை, அத்தை அழுவதைப் பார்த்துக் குழம்பிப்போய்த் தானும் அழுதது.

இரண்டு பேர் அழுகிற சத்தம் மோட்டாரையும் மீறிக் கேட்டுத் தம்பி மனைவி ஈரக்கையோடு மாடிக்கு ஓடிவந்தாள். பின்னாலேயே ஸ்பேனரோடு குழாய் வேலைக்காரர். கீழே கூடத்தில் கிடந்த செல்போனைப் பார்த்ததும் தம்பி மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"போச்சா? வாங்கி நாலு மாசம்கூட ஆகல அண்ணி. கீழ போடாதன்னு நூறு தடவ சொல்லிட்டேன். அதுக்கு ஏன் ரெண்டு பேரும் இப்படி அழுவுறீங்க? ஃபோன் போனா போகுது, வேற வாங்கிக்கலாம்."

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது என்னவோ உண்மை. கம்பி சரியில்லை, நாளைக்கு ஆள் அனுப்பி மாற்றித் தருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். நல்ல நாத்தனார், ஓடிவந்து மாற்றிக் கொடுத்தாள் என்று பேர்கூடக் கிடைக்கும். அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

"இந்தக் கம்பி தப்பு" என்றாள். "இடைவெளி அதிகம். இவ உள்ள நுழைஞ்சிடுவா. தப்பு என்னோடது. யூனிட்டுக்காரங்க மேல இல்ல, கம்ப்யூட்டர் மேல இல்ல. நான்தான்."

தம்பி மனைவி சிரிக்கப் பார்த்தாள். "பாத்தா சரியாத்தானே இருக்கு" என்றாள். கண்ணால் பார்த்தால் யாருக்கும் சரியாகத்தான் இருக்கும். நாலரை சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் கண் எங்கே கண்டுபிடிக்கும். டிராயிங் அக்கா கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். குழந்தையை அவள் அம்மாவிடம் கொடுத்தாள்.

குழாய் வேலைக்காரர் விஷயம் புரிந்தவர். கீழே போய், பிரிக்காத பெட்டிகளில் இரண்டைக் காலி செய்து, அட்டைகளையும் கட்டுக்கம்பியையும் எடுத்துவந்தார். ஒரு ஓரத்திலிருந்து அட்டையை வைத்துக் கட்டத் தொடங்கினார். டிராயிங் அக்கா முட்டி போட்டுக் கம்பிக்கு நடுவே டேப்பை வைத்தாள். நூற்று நாற்பது. அடுத்ததும் நூற்று நாற்பது. இயந்திரம் ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. அவள் போட்ட கோட்டை அப்படியே நம்பியிருந்தது.

நாலாவது இடுக்கில் டேப்பை வைத்தவள் அப்படியே கையை நிறுத்தினாள்.

கம்பிகளுக்கு வெளியே, மாடித் தளம் முடிகிற இடத்தில், நாலு விரல் அகலத்துக்கு ஒரு விளிம்பு இருந்தது. தடுப்பை மாட்டத் துளை போட்டபோது உதிர்ந்த வெள்ளைத் தூள் அதன்மேல் மாவு தூவியதுபோல் படிந்திருந்தது. உள்பக்கம் பெருக்கியவர்கள் வெளிப்பக்கம் பெருக்கவில்லை. அந்தத் தூளில் ஏதோ பதிந்திருந்தது.

"எல்லாத்தையும் அளந்துட்டீங்களா அண்ணி?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

தம்பி மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே குனிந்தாள். அவள் பார்வையும் அதே இடத்துக்குப் போனது.

"ஃபோன் எடுக்கப் போனேன்" என்றாள் சுண்டெலி, அம்மாவின் இடுப்பிலிருந்து. திட்டு இல்லை என்று தெரிந்ததும் குரலில் கொஞ்சம் பெருமைகூட வந்திருந்தது. "தூரமா இருந்துச்சு. வந்துட்டேன்."

குழாய் வேலைக்காரரின் கை கட்டுக்கம்பியோடு நின்றது. பின்கட்டில் மோட்டார் தானாகவே நின்றுபோயிருந்தது.

தூளில் இரண்டு சின்னப் பாதங்கள் தெளிவாகப் பதிந்திருந்தன. இரண்டும் கூடத்தைப் பார்த்து நின்றிருந்தன. குதிகால் இருந்தது, நடுப்பாதம் இருந்தது. விரல்கள் மட்டும் பதியவில்லை. விரல்கள் இருந்த இடத்தில் தளம் இல்லை.

தம்பி மனைவி நிமிர்ந்தாள். குழந்தையின் இரண்டு பாதங்களையும் ஒரே கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் டிராயிங் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க பாத்துத்தானே அண்ணி போட்டீங்க?" என்றாள்.

"இல்ல" என்றாள் டிராயிங் அக்கா. "பாக்கல."

குழந்தை அத்தையிடம் தாவக் கையை நீட்டியது. தம்பி மனைவி அந்தக் கையை மெதுவாக மடக்கித் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, படியில் ஒவ்வொரு படியாகச் சுவரைப் பிடித்தபடி இறங்கிப் போனாள்.